உப்பங்காற்றும் கணிப்பொறியின் கரகரப்பும்

கணிப்பொறியில் ஓடும் வீடியோப் படம் இடையிடையே தடுக்கி நிற்பதும், அதனோடு வரும் ஒலி எண்ணெயிலிட்ட கடுகுபோலப் பொரிந்து கரகரப்பதும் இக்காலத்து வீடுகளிலும் கல்விச்சாலைகளிலும் பலரும் அறிந்த தொல்லைகளாம். எவ்வூரிலும் இவை உண்டாகும். ஆயினும், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையின் மருங்கில், உப்புப் பாத்திகள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் மரக்காணத்துக் கரையில் இத்தொல்லைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. உள்நாட்டூர்களில் இது பெரும்பாலும் மென்பொருளின் ஒழுங்கின்மையால் விளைவது. இக்கரையிலோ அதே முகத்தை அணிந்துகொண்டு உப்பும் வந்து நிற்கின்றது.

இவ்விரண்டையும் பிரித்தறியாமல் பழுதுபார்ப்பவரிடம் செல்வோர், "மதர்போர்டு போய்விட்டது" என்னும் ஒரே தீர்ப்பைப் பெற்று மீள்வதை யாம் பலகாற் கண்டிருக்கின்றோம். அத்தீர்ப்பு சில வேளைகளில் மெய்யே. பல வேளைகளில் அன்று. தைமாசி முதற் புரட்டாசி வரை அளத்தில் வேலை செய்து, ஐப்பசி கார்த்திகை மழையில் வேலையின்றி இருக்கும் குடும்பத்தார், பிள்ளையின் படிப்பிற்காகப் பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கி வைத்திருப்பின், அவர்க்கு அத்தீர்ப்பு சில மாதக் கூலியாகும். ஆதலின், செலவு செய்யுமுன் வீட்டிலிருந்தபடியே செய்யத்தகும் சோதனைகளை, பொறிநூல் பயிலாதார்க்கும் விளங்குமாறு ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என்று இயற்பியல் வகுப்பு நண்பர்கள் நகைப்பரேல் நகைக்க. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பர் அறிஞர். சீறியாழைத் தோளிற் சுமந்து பாணர் நடந்த கரையில் ஒலியின் நலங்கேட்டைப் பற்றித் தமிழ் மாணவர் பேசுவது புதிதன்று.

முதற்கண், நலமாயிருக்கும் பொறி ஒலியை எங்ஙனம் எழுப்புகின்றது என்பதை அறிதல் வேண்டும். வீடியோவோடு வரும் ஒலி பெரும்பாலும் விநாடிக்கு 48,000 துணுக்குகளாக அளந்து எழுதப்பட்டிருக்கும். இசைத்தட்டாகிய சி.டி.யில் இவ்வெண் 44,100. ஒவ்வொரு துணுக்கும் ஸ்பீக்கரின் சவ்வு அந்நொடிப்பகுதியில் எவ்விடத்து நிற்க வேண்டும் என்று கூறும் ஓர் எண்ணேயன்றி வேறில்லை. இவ்வெண்கள் ஒரே சீராக, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு கணமும் பிந்தாமல் சென்று சேர வேண்டும். ஆனால் கணிப்பொறியின் நடுமூளையாகிய பிராசசர் ஒலிக்கென்றே பிறந்ததன்று. ஒரே நேரத்தில் நூறு வேலைகளைச் சிறிது சிறிதாகப் பகுத்துச் செய்வது அதன் இயல்பு. இவ்விரண்டு இயல்புகளும் ஒத்துப்போதற்கு நடுவே ஒரு தேக்கம் வேண்டும்.

மரக்காணத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. உவர்நீர் முதலிற் பெரிய தேக்கத்தில் நின்று, பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலிற் செறிந்து, இறுதியில் உப்பு விளையும் சிறு பாத்திக்கு மடைவழியே விடப்படுகின்றது. மடை திறப்பவர் உரிய வேளையில் வந்து நீரை விட்டால் பாத்தி வற்றுவதில்லை. அவர் வேறு வேலையாகச் சென்று நேரம் கடந்து வருவாராயின், தேக்கத்தில் நீர் நிறைய இருந்தும் கடைப் பாத்தி காய்ந்து வெடிக்கும். கணிப்பொறியிலும் அங்ஙனமே. பஃபர் என்று பொறிவல்லார் கூறும் இடைத்தேக்கத்தில் சிறிது ஒலி முன்கூட்டியே நிரப்பி வைக்கப்படும். விண்டோஸ் முறையில் வழக்கமாக ஒரு முறைக்கு நிரப்புவது 10 மில்லி விநாடிக்கு வேண்டிய ஒலி, அஃதாவது 480 துணுக்குகள். அவை தீருமுன் பிராசசர் வந்து அடுத்த 480 துணுக்குகளை ஊற்றிவிட வேண்டும். பிந்தினால் தேக்கம் வற்றும். வற்றிய கணத்தில் ஸ்பீக்கரின் சவ்வு தான் நின்ற இடத்திலிருந்து திடீரெனத் துள்ளும். அத்துள்ளலே 'பட்' என்று நம் செவியிற் படுகின்றது. விநாடிக்குப் பலமுறை இது நிகழின் அதனையே கரகரப்பு என்கின்றோம். ஒலியில்லாமற்போதல் ஓர் ஓசையாகக் கேட்பதன் காரணம் இதுவே.

படத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதாயின் ஒரு முறைக்குக் கிடைக்கும் காலம் 16.7 மில்லி விநாடி. அதற்குள் அடுத்த படம் ஆயத்தமாகாவிடின் பழைய படமே மீண்டும் காட்டப்படும். அதனைக் கண் தடுக்கலாக உணரும். கண் ஒன்றிரண்டு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். செவி பொறுப்பதில்லை. ஆகையால் ஒரே காரணத்தால் இரண்டும் கெடும்போது ஒலியின் கேடே முதலில் வெளிப்படும். இங்கு ஒரு சிறு விலக்கையும் கூறிவிடுவோம். திரைப்படங்கள் விநாடிக்கு 24 படங்களாக எடுக்கப்பட்டவை. 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் அவற்றைக் காட்டுங்கால் ஒரு படம் இரு முறையும் அடுத்தது மும்முறையுமாக மாறிமாறி நிற்கும். கேமிரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் தோன்றும் மெல்லிய நடுக்கம் இதனால் வருவது. அது நோயன்று. மருந்தும் தேடற்க.

இனி, மடை திறப்பவர் பிந்துவது எதனால் என்று காண்போம். கணிப்பொறியோடு இணைந்த ஒவ்வொரு கருவியும், வலையிணைப்பாயினும் படஅட்டையாயினும் வட்டாயினும், தனக்கு வேலை வந்தபோது மணியடித்துப் பிராசசரை அழைக்கும். அவ்வழைப்பிற்கு விடை தரும் மென்பொருளே டிரைவர் எனப்படுவது. டிரைவர் தன் அவசர வேலையை 100 மைக்ரோ விநாடிக்குள், அஃதாவது ஒரு மில்லி விநாடியில் பத்திலொரு கூறுக்குள், முடித்துக்கொண்டு விலக வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் டிரைவர் எழுதுவோர்க்குக் கூறியுள்ள நெறி. நெறியை மீறும் டிரைவர் ஒன்று பிராசசரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாயின், ஒலிக்குரிய வேலையும் படத்திற்குரிய வேலையும் வாயிலிற் காத்து நிற்கும். பிராசசர் நூற்றுக்குப் பத்துப் பங்கு வேலையே செய்வதாக அளவி காட்டினும் ஒலி கரகரப்பதுண்டு. வேலையின் மிகுதி அன்று, வேளையின் பிழையே காரணமாதலின், 'பொறி வேகம் போதாது' என்று புதிய பொறி வாங்குவோர் சில வேளைகளில் அதே கரகரப்பையும் புதிதாக வாங்கிக்கொண்டு வருகின்றனர்.

இது பேரறிஞர் பணிபுரியும் நிறுவனங்களையும் தொல்லைப்படுத்திய செய்தியே. 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவில், பாட்டுக் கேட்டுக்கொண்டே வலைவழியாகக் கோப்பைப் படியெடுத்தால் அப்படியெடுப்பு மிகவும் மந்தமாயிற்று. பலர் முறையிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் என்பார் காரணத்தை விளக்கினார்: பாட்டு கரகரக்காமல் இருத்தற்பொருட்டு, அது ஓடும் நேரத்தில் வலைப்பொதிகள் மில்லி விநாடிக்குப் பத்து என்று மட்டுப்படுத்தப்பட்டிருந்தன. வலைக்கும் ஒலிக்கும் உள்ள பகைமை அத்துணைப் பழமையானது. 2022 மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனத்தார் தம் ரைசன் பிராசசர் பூண்ட சில கணிப்பொறிகள் விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இடையிடையே தடுக்கி நிற்பதை ஒப்புக்கொண்டனர். எஃப்.டி.பி.எம். என்னும் பாதுகாப்புப் பகுதி மதர்போர்டிலுள்ள சிறு நினைவுச் சில்லோடு அவ்வப்போது பேசும்போது பொறி முழுவதும் ஒரு கணம் நின்றுவிடுகின்றது என்பது அவர் கண்ட காரணம். அதனைத் தீர்க்கும் பயாஸ் புதுப்பிப்பு அவ்வாண்டு மே மாதம் முதல் வரலாயிற்று. அப்போது மதர்போர்டையே மாற்றியவர் எவரேனும் இருப்பின், இலவசமாகக் கிடைக்கவிருந்த மருந்திற்கு ஈடாக ஒரு பலகையின் விலையைக் கொடுத்தவராவர்.

மென்பொருட் பிழையைக் காணும் வழிகளைச் சுருங்கக் கூறுவோம். வை-ஃபையை நிறுத்திவிட்டு, வட்டிலேயே உள்ள ஒரு வீடியோவை ஓட்டுக. கரகரப்பு நின்றுவிட்டால் வலையட்டையின் டிரைவரே குற்றவாளி. அதனைப் புதுப்பிக்கலாம், அல்லது அண்மையிற் புதுப்பித்த பின்னரே தொல்லை தொடங்கியதாயின் முந்தியதற்கே மீளலாம். லேட்டன்சிமான் என்னும் மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் எத்துணை நேரம் பிராசசரைப் பிடித்து வைத்தது என்று பெயரோடு காட்டும். மின்சிக்கன அமைப்பிலிருந்து முழுத்திற அமைப்பிற்கு மாற்றிப் பார்க்க. ஒலிக்கு அழகூட்டுவதாகக் கூறும் சேர்க்கைகளை அணைத்துவிடுக. பென்டிரைவிலிருந்து உபுண்டு லினக்ஸை நிறுவாமலே இயக்கி, அதே வீடியோவை அதில் ஓட்டிப் பார்ப்பது எல்லாவற்றினும் சிறந்த சோதனை. அங்கும் அதே கரகரப்பு இருக்குமாயின் விண்டோஸையும் அதன் டிரைவர்களையும் பெரும்பாலும் விடுவித்துவிடலாம். ஒன்றை மறவற்க: இணையத்தில் வரும் வீடியோ வலை மந்தத்தால் நிற்குமாயின், படம் உறைந்து வட்டம் சுழலும். ஒலி அமைதியாக நின்றுவிடும். பொரியாது. பொரிவது பெரும்பாலும் வீட்டிற்குள் உள்ள காரணத்தாலேயே.

இனி உப்பிற்கு வருவோம். இக்கரையார்க்கு வேண்டிய செய்தி இதிலேதான் மிகுதி.

மழைநாளில் அடுக்களை உப்புச்சாடி கசிவதை அனைவரும் அறிவர். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75க்கு மேற்படின் சோற்றுப்பு காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக்கொண்டு கரையத் தொடங்கும். கடலுப்போடு கலந்துள்ள மக்னீசியக் குளோரைடோ 33க்கு மேற்படினும் அங்ஙனம் செய்யும். ஆதலின் தூய்மை செய்யாத அளத்துப்பு விரைவில் நனையும். கடலும், கழுவெளியின் நீர்ப்பரப்பும், பாத்திகளும் சூழ்ந்த இவ்வூரில் இரவின் ஈரப்பதம் 75ஐக் கடத்தல் அரிதன்று. கணிப்பொறியின் ஃபேன், உள்வெப்பத்தை வெளியேற்றும்பொருட்டு அறைக்காற்றை ஓயாது இழுக்கின்றது. காற்றோடு நுண்ணிய உப்புத்துகளும் உட்புகுந்து பலகையிலும் துளைகளிலும் படிகின்றது. நண்பகலில் அது வெறும் தூசி. பொழுது சாய்ந்து ஈரம் ஏறியதும் அத்தூசி கண்ணுக்குப் புலனாகாத உவர்நீர்ப் படலமாக மாறுகின்றது. உவர்நீர் மின்சாரத்தைக் கடத்தும். உலோகத்தையும் அரிக்கும். விடிந்து வெயிலேறினால் மீண்டும் காய்ந்து தூசியாகின்றது. நாள்தோறும் நனைவதும் காய்வதுமாகிய இம்மாற்றமே, ஒரே சீராக நனைந்திருத்தலினும் உலோகத்திற்குக் கொடியது.

உலோகப் பொருள்கள் கடற்காற்றை எவ்வளவு தாங்கும் என்று அறிதற்கு அமெரிக்கர் 1939இலேயே உப்புத்தூவற் சோதனை ஒன்றை நெறிப்படுத்தினர். நூற்றுக்கு ஐந்து பங்கு உப்புள்ள நீரை 35 பாகை வெப்பத்தில் ஓயாது தூவிப் பார்ப்பது அது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் தம் அரிமான ஆராய்ச்சிக்கு மண்டபத்துக் கடற்கரையைத் தேர்ந்துகொண்டதும், 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலம் தன் வாழ்நாளெல்லாம் துருவோடு போராடியதும் நாடறிந்தன. பாலத்திற்குச் சாயம் பூசுவார் இருந்தனர். கணிப்பொறியின் உள்ளே மயிரிழையளவு தடித்த செப்புத் தகட்டிற்கு யார் பூசுவார்?

உப்பின் கை முதலிற் படும் இடம் ஹெட்போன் செருகும் ஜாக் துளையே. அதனுள் வில்போன்ற மெல்லிய தகடுகள் செருகியின் உலோகத்தைத் தொட்டு நிற்கும். மேற்பூச்சில் நுண்துளை இருப்பினும் போதும், அதன்வழியே உவர்நீர் இறங்கி அடியிலுள்ள செம்பைக் களிம்பேறச் செய்யும். பூசைச் செம்பில் நாம் காணும் பச்சைக் களிம்பும் இதன் இனமே. களிம்பு மின்சாரத்தை நன்கு கடத்தாது. தகடு ஒரு கணம் உலோகத்தையும் மறுகணம் களிம்பையும் தொடுமாயின் மின்னோட்டம் துள்ளும். மேசை சிறிது அதிர்ந்தாலும் கரகரப்பு எழும்.

இங்குத்தான் உப்பு தன் வஞ்சத்தைக் காட்டுகின்றது. முன்பக்க ஜாக்கினுள் செருகி இருக்கின்றதா இல்லையா என்று பொறிக்கு அறிவிக்கும் ஒரு சிறு தொடுகையும் உண்டு. அது களிம்பேறின், செருகியை யாரும் தொடாதிருக்கவே, 'எடுத்தார், செருகினார், எடுத்தார்' என்று பொய்ச்செய்தி ஓயாது சென்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு செய்திக்கும் கணிப்பொறி ஒலியின் வழியை ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்குமாக மாற்றும். மாற்றும்போதெல்லாம் ஓடுகின்ற படமும் ஒரு கணம் தடுக்கும். காண்பார்க்கு இது முழுவதும் மென்பொருட் பிழையாகவே தோன்றும். விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவுவர். பயன் இராது.

யாம் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுவோம். உப்பளத்தையடுத்த ஒரு வீட்டில், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி பாடக் காட்சிகளைப் பார்க்கும் பொறி மாலை ஆறு மணிக்குமேல் மட்டும் தடுக்கிக் கரகரத்தது. மாலையில் ஊரார் அனைவரும் இணையத்தைப் பயன்படுத்துவதால் அங்ஙனம் ஆகின்றது என்றார் ஒருவர். கடைக்காரர் ஒருவர் பலகையை மாற்றவேண்டும் என்றார். அவள் தந்தையார் அளத்தில் உப்பு வாருபவர். "மாலையானால் கொட்டிவைத்த உப்புக்கூட நனைகிறதே தம்பி, இது நனையாதா?" என்று எம்மைக் கேட்டார். வட்டிலிருந்த வீடியோவும் மாலையில் கரகரத்தது. ஆகவே இணையம் விடுபட்டது. முன்பக்க ஜாக்கிலிருந்து மதர்போர்டிற்குச் செல்லும் சிறு கம்பியிணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கரைப் பின்பக்கத் துளையிற் செருகியதும் படமும் ஒலியும் ஒருங்கே சீராயின. முன்துளையைப் பெயர்த்துப் பார்த்தபோது உள்ளே பச்சை படர்ந்திருந்தது. செலவு ஒன்றுமில்லை. அத்தந்தையார் கேட்ட வினாவே எமக்கு முதல் அளவுகோலாயிற்று. உப்பால் வந்த பழுது வானிலையையும் கை படுதலையும் பின்பற்றும். மென்பொருளால் வந்த பழுது வேலையைப் பின்பற்றும். எனவே ஒரு வாரம் நாள், மணி, மழை வெயில், அப்போது ஓடிய வேலை ஆகியவற்றை ஒரு தாளிற் குறித்து வருக. பின்னர்ச் செருகியை மெல்லத் திருகிப் பார்க்க. திருகும்போது கரகரப்பு ஏறி இறங்கினால் ஐயமில்லை. நூற்றைம்பது இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. ஒலியிணைப்பு ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி அதன்வழியே கேட்பதும் நல்ல சோதனை.

உப்பும் வேளைப்பிழையும் கைகோத்து வரும் இடங்கள் வேறு இரண்டு உண்டு. ஒன்று வெப்பம். உப்பீரம் பட்ட தூசி உலர்ந்த தூசிபோல ஊதினாற் போகாது. சேறுபோல் ஒட்டும். பிராசசரின் மேலுள்ள அலுமினியத் தகடுகளின் இடைவெளி அடைபட்டு, தகடும் வெண்பொடி பூத்து, வெப்பம் வெளியேறாதொழியும். வெப்பம் எல்லை கடவாதிருக்கப் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பொறியை இயக்கிச் சிறிது நேரம் நன்றாயிருந்து, பின் தடுக்கத் தொடங்கி, ஆறவைத்தால் மீண்டும் நன்றாகுமாயின் இதனை ஐயுறுக. மற்றொன்று வட்டிற்குச் செல்லும் சாட்டா கேபிள். அதன் முனை அரிக்கப்பட்டால் செல்லும் தரவு பிழைபடும். பிழையைக் கண்ட பொறி மீண்டும் அனுப்பச் சொல்லும். இவ்வாறு திரும்பத் திரும்ப அனுப்புவதில் காலம் கழிந்து இடைத்தேக்கம் வற்றும். விண்டோஸ் எக்ஸ்பியில் இத்தகைய பிழைகள் ஆறு சேர்ந்ததும் வட்டின் வேகத்தை ஒருபடி இறக்கிவிடும் வழக்கம் இருந்தது. பிழைகள் தொடரின் இறுதியில் பிராசசரே ஒவ்வொரு தரவையும் தன் கையாற் சுமக்கும் பழைய முறைக்கு அது வந்துவிடும். அக்காலத்தில் படம் தடுக்கி ஒலி கரகரத்த பொறிகளுள் பலவற்றின் காரணம் இதுவே. இப்போதும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் சாட்டா வட்டின் 199ஆம் எண்ணுள்ள வரியைக் காண்க. பதினாறடி எண்முறையில் அது சி7 எனக் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வரியின் எண் குறைவதில்லை. இன்று கண்ட எண்ணைக் குறித்துவைத்து, ஒரு வாரங்கழித்துப் பார்க்குங்கால் கூடியிருப்பின் கேபிளை மாற்றுக. வட்டை மாற்ற வேண்டுவதில்லை.

தூய்மை செய்யும் முறையில் ஊரெங்கும் பரவியுள்ள ஒரு பழக்கத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ரேம் அட்டையின் பொன்னிற முனையை எழுத்தழிக்கும் ரப்பரால் தேய்ப்பது அது. உடனே குணம் தெரிவது உண்மைதான். ஆயின் அப்பொன் மிக மெல்லிய பூச்சு. தேய்க்கத் தேய்க்க அது போய்விடும். உள்நாட்டில் இஃது அத்துணைத் தீங்கன்று. கடற்கரையில் பொன் நீங்கிய இடமெல்லாம் உப்பிற்குத் திறந்துவிட்ட வாயில். மற்றொரு பழக்கம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது. எண்ணெயழுக்கிற்கு அது நன்று. ஆனால் தூய ஆல்கஹாலில் உப்பு கரைவதில்லை என்பதைப் பலர் எண்ணுவதில்லை. உப்பைக் கரைப்பது நீரே. ஆகவே பொறியை அணைத்து, சுவர்ச் செருகியையும் பிடுங்கி, கழற்றத்தக்க கேபிள் முனை, ரேம் முனை, ஜாக் துளை ஆகியவற்றை முதலில் பாட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் சிறிது நனைத்த நூலுதிராத் துணியால் ஒற்றியெடுத்து, அதன்பின் ஆல்கஹாலால் துடைத்து நீரை விலக்கி, அரைநாள் நன்றாக உலரவிட்டுப் பூட்டுக. குழாய்நீர் வேண்டா. இவ்வூர்க் குழாய்நீரிலும் உப்புண்டு. மின்வழங்கும் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறவற்க. செருகியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உயிரைக் குடிக்கவல்ல மின்சாரம் தங்கியிருக்கும்.

வருமுன் காத்தலில் யாம் வியந்த செய்தி ஒன்று. ஓடுகின்ற பொறியினும் மூடிவைத்த பொறியே விரைவில் அரிக்கப்படுகின்றது. 30 பாகை வெப்பமும் நூற்றுக்கு 80 ஈரப்பதமும் உள்ள காற்று பொறியினுள் 40 பாகைக்குச் சூடேறினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 46 ஆகக் குறையும். சோற்றுப்பு நனைதற்கு அது போதாது. ஆகையால் மழைக்காலத்தில் வேலை இல்லையென்று பொறியை மூட்டைகட்டி வைப்பதினும், நாளைக்கு ஒரு மணி நேரமேனும் ஓடவிடுதல் நன்று. கடலை நோக்கிய சன்னலின்கீழ் வைத்தலாகாது. ஆறுமுன் பிளாஸ்டிக் உறையிட்டு மூடுதலும் ஆகாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரை கடந்ததைப் போன்ற வேளையில் மின்சாரம் நின்று, வீடு முழுதும் உப்பீரம் புகுந்திருப்பின், மின்சாரம் வந்தவுடன் பொறியை இயக்குதல் பேதைமை. பக்கப்பலகையைக் கழற்றி இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் உலர்த்திய பின்னரே இயக்குக.

இதுகாறும் கூறியன கேட்கும்போது எழும் கரகரப்பைப் பற்றியவை. ஒலியைப் பதிவு செய்யும்போது எழுவது அதனினும் பெருங்கேடு. கேட்கும்போது எழுவது பொறியைத் திருத்தினால் மறையும். பதிவின்போது இடைத்தேக்கம் நிரம்பி வழிந்து விடுபட்ட துணுக்குகள் எக்காலத்தும் மீளா. அளத்துப் பெண்டிர் பாடும் பாட்டுக்களையும், மூத்த உப்புத் தொழிலாளர் வழங்கும் தொழிற்சொற்களையும் பதிவு செய்ய எம் வகுப்பினர் சிலர் முனைந்துள்ளனர். எழுபது வயதுப் பாட்டியாரிடம், "மறுபடி பாடுங்கள், பொறி கரகரத்துவிட்டது" என்று இரண்டாம் முறை கேட்கலாம். மூன்றாம் முறை கேட்டல் முறையன்று. ஆதலின் அவ்வேளையில் வை-ஃபையை அணைத்துவிடுக. ஒலி பிந்திக் கேட்பதால் அங்குத் தீங்கில்லையாகலின் இடைத்தேக்கத்தை மிகப் பெரிதாக வைத்துக்கொள்க. விநாடிக்கு 48,000 துணுக்குகளாகவே பதிக. மைக்கை முன்பக்கத் துளையிற் செருகாமல் யு.எஸ்.பி. வழியாக இணைக்க. முதல் ஒரு நிமிடத்தைப் பதிந்து, ஹெட்போனிற் கேட்டு, தெளிவாயிருப்பின் மட்டும் பாட்டைத் தொடங்கச் சொல்லுக. கூடுமாயின் நண்பகலிற் செல்க.